கோஷம் போட்டால் முதலாளி போய்விடுவாரா?

கேள்வி இதுதான்: பிடிக்காத முதலாளியை எதிர்த்துக் கால்பந்து ரசிகர்கள் பேனர் பிடிக்கிறார்கள், ஆட்டத்தின் நடுவில் டென்னிஸ் பந்து வீசுகிறார்கள், ஊர்வலம் போகிறார்கள். இதனால் யாராவது கிளப்பை விற்றுவிட்டுப் போயிருக்கிறார்களா? அவ்வளவு வெறுப்பு என்றால் டிக்கெட் வாங்காமல் வீட்டில் இருந்துவிட்டால் போதாதா?

முதல் பாதிக்கு ஒரே வரியில் பதில் சொல்லலாம். கோஷத்தைக் கேட்டு வெட்கப்பட்டு, அதற்காகவே கிளப்பை விற்ற முதலாளி எனக்குத் தெரிந்து யாரும் இல்லை. போனவர்கள் எல்லோரையும் கடன்காரரோ, நீதிமன்றமோ, லீக் நிர்வாகமோ, நல்ல விலையோதான் அனுப்பிவைத்தது. அப்படியானால் ரசிகர்கள் செய்தது வீணா என்றால், அதுவும் இல்லை. அந்தக் கடன்காரரையும் நீதிமன்றத்தையும் தூங்கவிடாமல் வைத்திருந்தது பல இடங்களில் அவர்கள்தான்.

ஒரே ஊர்ப்பக்கத்தில் இருக்கும் இரண்டு கிளப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது தெளிவாகப் புரியும்: மான்செஸ்டர் யுனைடெட், லிவர்பூல். இரண்டையும் அமெரிக்கர்கள் கடன் வாங்கித்தான் வாங்கினார்கள். இரண்டு இடத்திலும் ரசிகர்கள் கொதித்தார்கள். ஓர் இடத்தில் மூன்றரை வருடத்தில் முதலாளிகள் வெளியே போனார்கள். இன்னோர் இடத்தில் இருபது வருடம் தாண்டியும் அதே குடும்பம் இருக்கிறது.

முதலில் யுனைடெட். 2005 மே மாதம் மால்கம் கிளேசர் ஏறக்குறைய 79 கோடி பவுண்டு மதிப்பில் கிளப்பைக் கைப்பற்றினார். அதில் பெரும்பகுதி கடன். அந்தக் கடனில் பெரும்பங்கை அவர் கிளப்பின் தலையிலேயே கட்டினார். வீடு வாங்கும் ஒருவர், வீட்டுக்கடனின் தவணையை அந்த வீட்டில் ஏற்கெனவே குடியிருப்பவர்கள் கட்ட வேண்டும் என்று ஏற்பாடு செய்தால் எப்படி இருக்கும்? அதுதான் நடந்தது. அதுவரை கடன் இல்லாமல் இருந்த கிளப், அன்று முதல் வட்டி கட்ட ஆரம்பித்தது. வட்டி, கட்டணம், பங்கு ஈவு என்று அதன்பின் வெளியே போன தொகை 100 கோடி பவுண்டைத் தாண்டிவிட்டது.

ரசிகர்கள் சும்மா இருக்கவில்லை. ஒரு பிரிவினர் 2005-லேயே பிரிந்து போய் எஃப்சி யுனைடெட் ஆஃப் மான்செஸ்டர் என்று தனிக் கிளப் தொடங்கினார்கள். 2010-இல் பச்சையும் பொன்னிறமும் கலந்த ஸ்கார்ஃப் வந்தது. 1878-இல் ரயில்வே தொழிலாளிகள் நியூட்டன் ஹீத் என்ற பெயரில் தொடங்கியபோது கிளப்பின் நிறம் அதுதான். ‘எங்கள் சிவப்பை நீ வாங்கிவிட்டாய், இதை வாங்க முடியாது’ என்று சொல்லாமல் சொன்னார்கள். அந்த வருடம் மார்ச்சில் ஏசி மிலான் அணிக்காக யுனைடெட்டின் மைதானமான ஓல்ட் டிராஃபோர்டுக்கு ஆட வந்த அவர்களின் பழைய வீரர் டேவிட் பெக்கம், ஆட்டம் முடிந்து வெளியேறும்போது யாரோ வீசிய அந்த ஸ்கார்ஃபை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார். உலகமெங்கும் படம் வந்தது. முதலாளி குடும்பத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

அப்புறம் 2021 மே 2. லிவர்பூலுக்கு எதிரான ஆட்டம். கொரோனா காலம், காலி கேலரி. நான் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தேன். அணிப் பட்டியல் வருவதற்குப் பதிலாக, புல்தரையில் சில நூறு பேர் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கோல் கம்பத்தின் மேல் தொங்கினார். பச்சைப் புகை கிளம்பியது. வீரர்கள் தங்கியிருந்த ஹோட்டல் வாசலிலும் கூட்டம், பஸ் கிளம்ப முடியவில்லை. ஆட்டம் தள்ளிவைக்கப்பட்டது. ரசிகர்களின் எதிர்ப்பால் இங்கிலாந்தின் முதல்நிலை லீக்கான பிரீமியர் லீக்கில் ஆட்டம் ஒன்று நிற்பது சாதாரண விஷயம் இல்லை. பதினொரு நாள் கழித்து அதே ஆட்டம் நடந்தது, யுனைடெட் 2-4 என்று தோற்றது, கிளேசர் குடும்பம் இருந்த இடத்திலேயே இருந்தது.

ஏன் இருக்க முடிகிறது? கிளப் சம்பாதிக்கிறது. வட்டியைக் கட்ட முடிகிற வரை எந்த வங்கியும் கதவைத் தட்டாது. 2012-இல் நியூயார்க் பங்குச் சந்தையில் பங்கு விற்றபோதுகூட, குடும்பத்தின் பங்கு ஒவ்வொன்றுக்கும் பத்து ஓட்டு, வெளியில் வாங்குகிறவருக்கு ஓர் ஓட்டு என்று வைத்துக்கொண்டார்கள். 2024-இல் பிரிட்டிஷ் தொழிலதிபர் ஜிம் ராட்கிளிஃப் நூறு கோடி பவுண்டுக்கு மேல் கொடுத்து உள்ளே வந்தார். கிடைத்தது கால் பங்கும் கொஞ்சமும். பெரும்பான்மை ஓட்டு இன்னும் அங்கேயேதான்.

இனி லிவர்பூல். டாம் ஹிக்ஸ், ஜார்ஜ் ஜில்லெட் என்ற இருவர் 2007 பிப்ரவரியில் வாங்கினார்கள். புது மைதானம் கட்டுவோம் என்றார்கள், கட்டவில்லை. கொஞ்ச நாளில் இருவருக்குள்ளேயே பேச்சு இல்லை. 2008-இல் ரசிகர்கள் ஸ்பிரிட் ஆஃப் ஷாங்க்லி என்று ஒரு சங்கம் அமைத்தார்கள். இவர்கள் எங்கே புத்திசாலி என்றால், முதலாளிகளைத் திட்டுவதோடு நிற்காமல் அந்தக் கடனின் காலக்கெடு எப்போது முடிகிறது என்று பார்த்தார்கள். கடன் கொடுத்தது ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து. கெடு 2010 அக்டோபர். அந்தக் கெடுவுக்குள் வேறு நிதி நிறுவனம் ஏதாவது மறுகடன் கொடுத்துவிட்டால் முதலாளிகள் தப்பித்துவிடுவார்கள். ஆகவே கொடுக்கக்கூடும் என்று பேச்சு அடிபட்ட நிறுவனங்களின் அதிகாரிகளுக்கு ரசிகர்கள் ஆயிரக்கணக்கில் மின்னஞ்சல் அனுப்பினார்கள். இவர்களுக்குக் கடன் கொடுத்து உங்கள் பெயரைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள் என்பதுதான் சாரம். வங்கியின் வற்புறுத்தலில் வெளியிலிருந்து வந்திருந்த தலைவர் மார்ட்டின் பிராட்டன், இயக்குநர் குழுவில் மூன்றுக்கு இரண்டு என்ற ஓட்டில் விற்பனையை முடித்தார். முதலாளிகள் இரண்டு இயக்குநர்களை மாற்றப் பார்த்தார்கள். லண்டன் உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 30 கோடி பவுண்டுக்குக் கிளப் கைமாறியது.

ஒரு முரண் பாருங்கள்: கிளப் எவ்வளவு செழிப்பாக இருக்கிறதோ அவ்வளவுக்கு முதலாளி பத்திரமாக இருக்கிறார். நொடிக்கிற கிளப்பில்தான் ரசிகரின் கை ஓங்குகிறது. யுனைடெட் ரசிகர்களுக்கு ஆர்வம் குறைவு என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். அவர்களுக்குப் பிடித்து இழுக்கப் பிடி கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

இதில் இன்னொரு வேறுபாடும் உண்டு. முதலாளியை விரட்டுவது வேறு, முதலாளி எடுத்த ஒரு முடிவைத் திரும்பப் பெறவைப்பது வேறு. இரண்டாவதில் ரசிகர்கள் நிறையவே ஜெயித்திருக்கிறார்கள். அதே லிவர்பூலில் புதிய முதலாளிகள் 2016-இல் ஒரு டிக்கெட்டுக்கு 77 பவுண்டு என்று விலை வைத்தார்கள். பிப்ரவரி 6 அன்று சண்டர்லேண்டுடன் ஆட்டம். 77-ஆவது நிமிடம் வந்ததும் சுமார் பத்தாயிரம் பேர் எழுந்து நடையைக் கட்டினார்கள். அப்போது லிவர்பூல் 2-0 என்று முன்னிலையில் இருந்தது. மிச்சம் இருந்த நேரத்தில் இரண்டு கோல் வாங்கி ஆட்டம் சமன் ஆனது. அடுத்த வாரமே விலை திரும்பப் பெறப்பட்டது.

வேல்ஸ் நாட்டு கார்டிஃப் சிட்டியில் மலேசியத் தொழிலதிபர் வின்சென்ட் டான் 2012-இல் நூறு வருட நீல ஜெர்சியைச் சிவப்பாக்கினார். கிளப்பின் செல்லப்பெயரே நீலப்பறவைகள். சிவப்பில் ஆடி 2013-இல் பிரீமியர் லீக்குக்கு உயர்ந்தபோதுகூட எல்லோருக்கும் மனது ஒப்பவில்லை. 2015 ஜனவரியில் நீலம் திரும்பி வந்தது. டான் போகவில்லை. நிறம் மட்டும் வந்தது, அது போதும் என்று பலர் சமாதானமானார்கள்.

பெரிய உதாரணம் 2021 ஏப்ரலில் பன்னிரண்டு பணக்காரக் கிளப்புகள், தோற்றாலும் தங்கள் இடம் போகாதபடி தங்களுக்கென்று அறிவித்த சூப்பர் லீக். ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பு. செவ்வாய்க்கிழமை மாலை செல்சி மைதானத்தின் வாசலில் ரசிகர்கள் அணியின் பஸ்ஸை மறித்து நின்றார்கள். முன்னாள் கோல்கீப்பர் பீட்டர் செக் கூட்டத்துக்குள் இறங்கி, வழிவிடுங்கள், பேசித் தீர்க்கிறோம் என்று கெஞ்சவேண்டி வந்தது. அன்று இரவுக்குள் ஆறு ஆங்கிலக் கிளப்புகளும் விலகல் அறிவித்தன.

இந்த வகை எதிர்ப்பில் ஜெர்மானியர்களை மிஞ்ச ஆள் இல்லை. அங்கே 50+1 என்று ஒரு விதி: கிளப்பின் ஓட்டில் பாதிக்கு மேல் உறுப்பினர்களிடம் இருக்க வேண்டும். லெவர்குசன், வோல்ஃப்ஸ்பர்க் போன்ற சில விலக்குகளைத் தவிர, பணம் வைத்திருப்பதாலேயே யாரும் முதலாளி ஆகிவிட முடியாது. 2023 டிசம்பரில் லீக் நிர்வாகம் தன் ஒளிபரப்பு வருமானத்தில் ஒரு பங்கை வெளி முதலீட்டாளருக்கு விற்க ஓட்டெடுப்பு நடத்தியது. 36 கிளப்பில் 24 ஆதரவு, சரியாக மூன்றில் இரண்டு பங்கு. ஒரு கிளப்பின் ஓட்டு உறுப்பினர்கள் சொன்னபடி விழுந்ததா என்பதே சந்தேகமானது. அப்புறம் ஆரம்பித்தது கூத்து. முதல் பன்னிரண்டு நிமிடம் கேலரி முழுக்க மௌனம். அதன்பின் டென்னிஸ் பந்து, தங்கக் காகிதம் சுற்றிய சாக்லேட் நாணயம். ஹாம்பர்க்கில் ஒரு ஆட்டத்தில் கோல் கம்பத்தில் சைக்கிள் பூட்டை மாட்டிவிட்டார்கள். அதை அறுத்து எடுக்கும் வரை எல்லோரும் காத்திருந்தார்கள். இன்னோர் இடத்தில் ரிமோட் கார்கள் புகை கக்கிக்கொண்டு புல்தரையைச் சுற்றின. யார் மேலும் கை வைக்கவில்லை. ஆட்டம் மட்டும் நடக்கவில்லை, நடந்தாலும் ஒளிபரப்ப லாயக்காக இல்லை. விற்க நினைத்த சரக்கே ஒளிபரப்புதான் என்பதால் குறி சரியாக விழுந்தது. 2024 பிப்ரவரி 21 அன்று பேச்சுவார்த்தையைக் கைவிட்டார்கள்.

சரி, வீட்டில் இருந்துவிட்டால் போதாதா என்ற இரண்டாம் பாதிக்கு வருகிறேன். கேள்வி நியாயமாகத்தான் தெரிகிறது. பிடிக்காத கடையை விட்டு அடுத்த கடைக்குப் போகிறோம் அல்லவா? ஆனால் ஒரு கிளப்பின் ரசிகருக்கு அடுத்த கடை கிடையாது. அப்பா கூட்டிப்போன இடம், பக்கத்து இருக்கையில் முப்பது வருடமாக அதே முகம். புறக்கணிப்பு என்றால் முதலாளி இழப்பது டிக்கெட் காசு, ரசிகர் இழப்பது வாழ்க்கையின் சனிக்கிழமைகள்.

கவன்ட்ரி சிட்டி ரசிகர்களைப் பாருங்கள். மைதான வாடகைத் தகராறில் கிளப்பின் முதலாளியான முதலீட்டு நிறுவனம் 2013-14 சீசனில் சொந்த ஊர் ஆட்டங்களை முப்பது மைலுக்கு அப்பால் நார்தாம்ப்டனில் நடத்தியது. உள்ளே போனால் முதலாளிக்குக் காசு, போகாவிட்டால் அணியைப் பார்க்க முடியாது. மைதானத்துக்கு வெளியே ஒரு மேடு இருந்தது. அங்கிருந்து பார்த்தால் ஆடுகளத்தில் ஒரு பகுதி தெரியும். குளிரிலும் மழையிலும் அந்த மேட்டில் நின்று, தெரிந்த அளவுக்குப் பார்த்து, கத்திவிட்டு ஊர் திரும்பினார்கள். காசும் கொடுக்கவில்லை, அணியையும் விடவில்லை.

புறக்கணிப்பை விடாப்பிடியாக நடத்திக் காட்டியது பிளாக்பூல். 2010-11 சீசனில் அந்தச் சின்னக் கடற்கரை ஊர் ஒரே ஒரு வருடம் பிரீமியர் லீக்கில் ஆடியது. அதில் வந்த பணம் மைதானத்துக்கோ வீரர்களுக்கோ போவதற்குப் பதிலாக முதலாளிகளான ஓய்ஸ்டன் குடும்பத்தின் நிறுவனங்களுக்குப் போனது. கேள்வி கேட்டு இணையத்தில் எழுதிய ரசிகர்கள் மீது அவதூறு வழக்குகள் வந்தன. சொந்த ரசிகரைக் கோர்ட்டுக்கு இழுத்த பிறகு சமாதானம் ஏது? 2015 மே மாதம் ஹடர்ஸ்ஃபீல்டுடனான ஆட்டத்தில் ரசிகர்கள் களத்தில் உட்கார்ந்துவிட்டார்கள், ஆட்டம் கைவிடப்பட்டது. அப்புறம் ‘இனி ஒரு பென்னிகூட இல்லை’ என்று முடிவெடுத்து வெளியேறினார்கள்.

சொல்வது சுலபம். 2017-இல் அணி லண்டனில் உள்ள தேசிய மைதானமான வெம்ப்லியில், மேல் லீக்குக்கு உயர்வதற்கான இறுதி ஆட்டம் ஆடியது. வெம்ப்லியில் தன் அணி ஆடுவதைப் பார்ப்பது பல ரசிகர்களுக்கு ஆயுளில் ஒரு முறை வாய்க்கும் விஷயம். பெரும்பாலோர் போகவில்லை. அணி ஜெயித்தது. அந்தச் செய்தியை வீட்டில் இருந்து கேட்டவர்களின் நிலையை யோசித்துப் பாருங்கள். போனவர்களுக்கும் போகாதவர்களுக்கும் இடையே ஒரே குடும்பத்துக்குள் மனக்கசப்பு வந்ததும் உண்டு.

முடித்துவைத்தது நீதிமன்றம். கிளப்பில் பங்கு வைத்திருந்த லாட்வியத் தொழிலதிபர் வலேரி பெலோகோன் தொடுத்த வழக்கில், 2017 நவம்பரில் உயர் நீதிமன்றம் ஓய்ஸ்டன் குடும்பம் கிளப்பின் பணத்தை முறையின்றி உருவியது என்று தீர்ப்பளித்து, அவருக்கு 3.1 கோடி பவுண்டுக்கு மேல் கொடுக்கச் சொன்னது. பணம் முழுவதும் வரவில்லை. 2019 பிப்ரவரியில் நீதிமன்றம் ஒரு நிர்வாகியை நியமித்தது, அவர் ஓவன் ஓய்ஸ்டனை இயக்குநர் குழுவிலிருந்து நீக்கினார். மார்ச் 9 அன்று சவுதெண்டுடன் ஆட்டம். சில ஆயிரம் பேர் சிதறி உட்கார்ந்திருந்த மைதானத்தில் அன்று 15,871 பேர்.

வழக்கு இல்லாமல் புறக்கணிப்பு மட்டும் ஜெயித்திருக்குமா? சந்தேகம்தான். ஆனால் ரசிகர்கள் வந்துகொண்டே இருந்திருந்தால் அந்தக் குடும்பம் தீர்ப்புத் தொகையைப் புரட்டிக் கட்டிவிட்டு அங்கேயே இருந்திருக்கலாம் என்பது என் கணிப்பு.

முதலாளியைச் சந்தேகப்பட வேண்டிய முதல் அறிகுறி எது என்று கேட்டால், மைதானத்தின் பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள் என்பேன். இங்கிலாந்தின் பிரைட்டன் கிளப்பில் 1990-களில் இதுதான் நடந்தது. கிளப் கலைந்தால் சொத்தை விற்ற லாபம் இயக்குநர்களுக்குப் போகக் கூடாது என்ற விதி அமைப்பு விதிகளிலிருந்து காணாமல் போனதை ரசிகர்கள்தான் கண்டுபிடித்தார்கள். 1902 முதல் ஆடிவந்த கோல்ட்ஸ்டோன் மைதானம் விற்கப்பட்டது. போக இடம் இல்லை. 1997 பிப்ரவரி 8 அன்று, கடைசி இடத்தில் தத்தளித்த பிரைட்டனுக்காக மற்றக் கிளப்புகளின் ரசிகர்கள் தங்கள் ஜெர்சியோடு அங்கே வந்து நின்றார்கள். பிரைட்டன் அன்று 5-0 என்று ஜெயித்தது. ஆனாலும் மைதானம் போனது போனதுதான். சொந்த மைதானம் கிடைக்க 2011 ஆனது.

தனிக் கிளப் தொடங்கும் வழியும் இருக்கிறது. விம்பிள்டன் கிளப்பை மில்டன் கீன்ஸ் ஊருக்கு மாற்ற 2002 மே மாதம் அனுமதி கிடைத்ததும், ரசிகர்கள் பொதுத் திடலில் ஆள் தேர்வு நடத்தி ஏஎஃப்சி விம்பிள்டனை ஆங்கில லீக்குகளின் ஒன்பதாம் படியில் தொடங்கினார்கள். ஒன்பது வருடத்தில் தொழில்முறை லீக்குக்கு வந்தார்கள், 2020-இல் பழைய மைதானம் இருந்த பிளவ் லேன் பகுதிக்கே திரும்பினார்கள். பிரமாதமான கதை. ஆனால் எல்லோருக்கும் இப்படி நடக்காது. எஃப்சி யுனைடெட் இன்னும் கீழ்ப்படிகளில்தான் ஆடுகிறது.

போகச் சொல்வதில் ஓர் ஆபத்தும் உண்டு. போனால் யார் வருவார்? நியூகாசில் ரசிகர்கள் மைக் ஆஷ்லியைப் பதினான்கு வருடம் சகித்தார்கள். மைதானத்தின் பெயரையே தன் கடையின் பெயராக மாற்றியவர் அவர். 2021 அக்டோபரில் விற்றபோது தெருவில் ஆட்டம்பாட்டம். வாங்கியது சவுதி அரசின் முதலீட்டு நிதி. அந்த அரசின் மனித உரிமைக் கணக்கைப் பற்றிக் கேட்டபோது, பாவம், பல ரசிகர்களிடம் பதில் இல்லை. இங்கிலாந்தின் பரி என்ற சின்ன ஊர்க் கிளப்பின் கதை இன்னும் மோசம். 2018-இல் வெறும் ஒரு பவுண்டுக்குக் கைமாறியது. 2019 ஆகஸ்டில், கடனில் தத்தளித்தபோது, கடைசி நேரத்தில் யாராவது வாங்கிவிடுவார்கள் என்ற நம்பிக்கையில், ரசிகர்கள் துடைப்பமும் வாளியுமாக வந்து மைதானத்தைக் கூட்டிக் கழுவினார்கள். அன்று இரவே கிளப்பை லீக்கிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

இதையெல்லாம் பார்த்துத்தான் 2025 ஜூலையில் பிரிட்டனில் கால்பந்து நிர்வாகச் சட்டம் வந்தது. சுயேச்சையான ஒழுங்குமுறை அமைப்பு, முதலாளிகளைப் பரிசோதிக்கும் அதிகாரம், சின்னத்தையும் ஜெர்சி நிறத்தையும் ரசிகர்களைக் கேட்காமல் மாற்றத் தடை. எப்படி நடக்கிறது என்று இனிதான் பார்க்க வேண்டும்.

சட்டம் வந்த சில மாதத்தில் ஷெஃபீல்ட் வெட்னஸ்டே கிளப்பில் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். முதலாளி தாய்லாந்தின் டெஜ்ஃபோன் சான்சிரி, 2015 முதல். வரியும் சம்பளமும் கட்ட, ரசிகர்கள் இருபதாயிரம் பேர் ஆளுக்கு 100 பவுண்டு கொடுக்கலாமே என்று 2023-இல் யோசனை சொன்னவர் இவர். 2025-இல் வீரர்களுக்கே சம்பளம் திரும்பத் திரும்பத் தாமதமானது. அக்டோபர் 22 அன்று மிடில்ஸ்பரோவுடனான ஆட்டத்தை ரசிகர்கள் புறக்கணித்தார்கள், கேலரி வெறிச்சோடிக் கிடந்தது. 24-ஆம் தேதி கிளப் திவால் நிர்வாகத்துக்குள் போனது, கட்டுப்பாடு சான்சிரியின் கையைவிட்டுப் போனது. அதற்குத் தண்டனையாக 12 புள்ளி வெட்டு. கையில் இருந்த ஆறும் போய் மைனஸ் ஆறு, அட்டவணையில் கடைசி. அதே நாளில் கிளப்பின் கடை வாசலில் வரிசை நீண்டது. மாதக்கணக்கில் ஒரு ஸ்கார்ஃப்கூட வாங்க மறுத்தவர்கள் ஜெர்சி வாங்க நின்றார்கள்.